அழகைச் சுட்டும் ஆங்கில அடைகள்: மடுல்சீமையை முன்வைத்து ஒரு நோக்கு

ஆங்கிலத்தில் அழகினைச் சுட்டும் பெயரடைகள் பல. அகராதிகள் அவற்றை ஒருபொருட் பன்மொழியாக நிரைப்படுத்துகின்றன. மொழிபெயர்ப்போரும் அனைத்தையும் 'அழகிய' என்னும் ஒரு சொல்லுள் அடக்கிவிடுகின்றனர். ஆயின் இச்சொற்கள் அழகின் அளவை மட்டும் உணர்த்துவன அல்ல. காண்பவர் எங்கு நின்று காண்கின்றார் என்பதையும் உணர்த்துவன.

இதற்குச் சொல் வரலாறே சான்று. 'ஹான்சம்' என்பது கையாளுதற்கு எளிய என்னும் பொருளில் தோன்றிய சொல். எட்மண்ட் பர்க் 1757 இல் வெளியிட்ட நூலில் 'பியூட்டிபுல்' என்பதைச் சிறுமை, மென்மை ஆகியவற்றோடும், 'சப்லைம்' என்பதைப் பெருமை, அச்சம் ஆகியவற்றோடும் இயைத்தார். வில்லியம் கில்பின் 'பிக்சரெஸ்க்' என்னும் சொல்லை ஓவியத்தில் அமையின் இன்பந் தருவது என விளக்கினார். 1786 இல் வெளிவந்த அவரது கம்பர்லாந்துப் பயண நூல், அறநோக்கில் உழைப்பாளியே உயர்ந்தவனாயினும், ஓவிய நோக்கில் சோம்பி நிற்கும் குடியானவனே ஏற்றவன் என்கிறது.

பசறைக்கு அப்பால் உயரும் மடுல்சீமை மலைகளில் இச்சொற்களைப் பொருத்திப் பார்ப்போம். 'சிறிய உலகமுடிவு' எனப்படும் செங்குத்துச் சரிவின் விளிம்பில் நிற்பவர்க்குப் பர்க்கின் 'சப்லைம்' பொருந்தும். எதிர்மலையிலிருந்து தேயிலை நிரைகளையும் லயங்களையும் நோக்குபவர் 'பிக்சரெஸ்க்' என்பார். கூடை சுமந்து நிற்கும் பெண்ணும் அச்சொல்லுள் அடங்கிவிடுகிறாள். உழைப்பவர் ஓவியத்திற்கு அத்துணை ஏற்றவரல்லர் என்றார் கில்பின். கொழுந்து பறிப்பவளோ தேயிலை விளம்பரத்தின் தலைமைப் படிமமானாள். இம்முரண் எவ்வாறு நேர்ந்தது? தொலைவு அவளது உழைப்பை மறைத்தமையால் நேர்ந்தது. கூடையின் கனமும் அட்டைக் கடியும் கொழுந்து நிறுவையும் படத்தில் இடம்பெறுவதில்லை. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய காலத்தும் அப்படத்தின் கவர்ச்சி குன்றவில்லை.

நிரைக்குள் நிற்பவளின் பார்வை வேறு. செடி கைக்கெட்டும் உயரத்தில் நிற்கவே கவ்வாத்து வெட்டப்படுகிறது. அதன்பின் ஒருசேரத் துளிர்த்த மலையை அவள் அழகெனக் கண்டால், அதற்கு 'ஹான்சம்' என்பதன் பழம்பொருளே பொருந்தும். அது கையால் அறியப்பட்ட அழகு.

மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்னும் நெடுங்கவிதையை ஆங்கிலத்திலேயே இயற்றியமை இவ்விடத்து நோக்கற்பாலது. நினைவுச் சின்னமின்றித் தேயிலையின் அடியில் மண்ணாகிய உழைப்பாளரை அக்கவிதை பாடுகிறது. 'பிக்சரெஸ்க்' என்று காண்போரின் மொழியிலேயே, அச்சொல்லுக்கு இடந்தராத ஒரு காட்சியை அவர் படைத்தார். அதன் வலிமை அங்கேயே உள்ளது.

எனவே 'பிக்சரெஸ்க்' என்பதை 'அழகிய' எனப் பெயர்ப்பது தொலைவிலிருந்து நோக்குவோரின் பார்வையை நமதாக்கிக் கொள்வதாகும். 'ஓவியப் பாங்கான' எனப் பெயர்த்தால் அத்தொலைவேனும் புலப்படும். மலையக ஆக்கங்களை ஆங்கிலத்திற் பெயர்க்க முற்படுவோரும் ஓர் அடையைத் தெரியுமுன், அது நிரைக்குள் நின்று சொல்லத்தக்கதா, எதிர்மலையிலிருந்து சொல்வதா என வினவுதல் வேண்டும்.