மறைக்கிற கால், காட்டுகிற முகம்

குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊரான முட்டத்துக்கு சினிமா புதிதல்ல. 1981-ல் 'அலைகள் ஓய்வதில்லை' எடுக்க பாரதிராஜா இங்கே வந்தார். 1986-ல் 'கடலோரக் கவிதைகள்' எடுக்க மறுபடியும் வந்தார். பாறைகளும் கலங்கரை விளக்கமும் தமிழ்நாடு முழுக்கப் பிரபலமாயின. நடித்தவர்கள் வெளியூர்க்காரர்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்து சத்யராஜ், கடற்கரை ரவுடி சின்னப்பதாஸ் ஆனார், நன்றாகவே ஆனார். அது நடிகரின் தொழில், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விளையாட்டுப் படங்களிலும் நம் சினிமா இதே வழக்கத்தைத்தான் வைத்திருக்கிறது. மைதானம் வேண்டும், மைதானத்தில் ஆடியவர் வேண்டாம். வேண்டுமென்றால், அடியாளாக வரட்டும்.

இந்தக் கடற்கரையில் கிரிக்கெட்டை விடக் கால்பந்துக்குத்தான் மவுசு. ஐஎஸ்எல் வரை போன மைக்கேல் சூசைராஜ், மேற்கே இரவிபுத்தன்துறைக்காரர். சாயங்காலம் அலை வாங்கிய ஈர மணலில் பையன்கள் ஆடுவதைக் கொஞ்சம் கிட்டே நின்று பார்க்க வேண்டும். "லே மக்கா, இங்கன தட்டு" என்று சத்தம் வருகிறது. பந்து வைத்திருப்பவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இடது தோளைச் சாய்க்கிறான். எதிரே நிற்பவன் அதை நம்பி நகர்கிறான். பந்து வலப்பக்கம் போய்விடுகிறது. தோள் சொன்னது பச்சைப் பொய். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

இதுவே நடிப்புதானே என்று கேட்கலாம். பாதி சரி. களத்தில் எண்ணத்தை மறைப்பவன் ஜெயிக்கிறான். கேமரா முன்னால் எண்ணம் தெரிந்தாக வேண்டும். பத்து, பதினைந்து வருஷம் மறைத்துப் பழகிய முகத்தை ஒரே படத்தில் திறக்கச் சொன்னால் திறக்காது. விளையாட்டிலிருந்து நடிக்கப் போனவர்களை நாடு நாடாக எடுத்து வைத்துப் பார்த்தால், வித்தியாசம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது: அந்த மூடிய முகத்தை அந்தந்த ஊர் சினிமா என்ன செய்தது?

ஹாலிவுட் அதை மூடியபடியே வைத்து வியாபாரம் செய்தது. நீச்சல் வீரர் ஜானி வைஸ்முல்லர் 1924, 1928 ஒலிம்பிக் போட்டிகளில் ஐந்து தங்கம் வென்றவர். 1932-ல் டார்ஜான் ஆனார். காட்டில் வளர்ந்தவனுக்குப் பேச்சு குறைவு. நீந்தவும் மரத்துக்கு மரம் தாவவும் தெரிந்தால் போதும். பாத்திரத்தை ஆளுக்கு ஏற்றபடி தைத்துவிட்டார்கள். பிரிட்டனின் வின்னி ஜோன்ஸ் கதையும் அதேதான். 1988-ல் லிவர்பூலைத் தோற்கடித்து எஃப்.ஏ. கோப்பையை வென்ற விம்பிள்டன் அணியின் முரட்டு ஆட்டக்காரர். பத்து வருஷம் கழித்து இயக்குநர் கை ரிச்சியின் முதல் படத்தில் கடன் வசூலிக்கும் அடியாளாக வந்தார். 2000-ல் வந்த 'கான் இன் சிக்ஸ்டி செகண்ட்ஸ்' படத்தில் ஏறக்குறைய கடைசி வரை வாயே திறக்காத பாத்திரம். மைதானத்தில் சம்பாதித்த பயத்தை அப்படியே திரைக்கு மாற்றிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

இத்தாலி கொஞ்சம் வேறு மாதிரி யோசித்தது. கார்லோ பெதர்சோலி 1952, 1956 ஒலிம்பிக் போட்டிகளில் நீந்தியவர். 100 மீட்டரை ஒரு நிமிஷத்துக்குள் நீந்திய முதல் இத்தாலியர். சினிமாவில் பட் ஸ்பென்சர் என்று பெயர் மாற்றிக்கொண்டார். அவருடைய மலை மாதிரி உடம்பையும் அசையாத முகத்தையும் வைத்து, பயத்துக்குப் பதிலாகச் சிரிப்பை உண்டாக்கினார்கள். அவர் அவசரப்படவே மாட்டார். எதிராளி குதித்துக் குதித்து ஓய்ந்த பிறகு, உச்சந்தலையில் ஒரே குத்து. எந்த நொடியில் கையை ஓங்க வேண்டும் என்ற கணக்கில்தான் அந்தச் சிரிப்பே இருந்தது.

நம்மிடமும் ஒரு பட் ஸ்பென்சர் உண்டு. 1966, 1970 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் வட்டு எறிதலில் தங்கம் வென்ற பிரவீன் குமார். தூர்தர்ஷன் மகாபாரதத்தில் பீமன். 'மைக்கேல் மதன காமராஜன்' படத்து பீம்பாய் என்றால் தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. கமல்ஹாசன் படபடவென்று பொரிந்து தள்ள, பக்கத்தில் சிலையாக நிற்கிறார் இவர். அந்தச் சிலைத்தனம் இல்லாவிட்டால் நகைச்சுவை பாதியாகிவிடும். ஆனால் இந்தப் பாடத்தை அதற்குப் பிறகு நம்மவர்கள் மறந்துவிட்டார்கள்.

மறந்ததற்குச் சாட்சி ஐ.எம்.விஜயன். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன், கேரள போலீஸ் அணி வழியாக இந்திய அணியின் கேப்டன் வரை போனார். 1999 தெற்காசியப் போட்டியில் பூட்டானுக்கு எதிராக 12-வது நொடியில் கோல் போட்டவர். அவரை முதலில் நடிக்க அழைத்த மலையாள இயக்குநர் ஜெயராஜ், 'சாந்தம்' படத்தில் முக்கியப் பாத்திரமே கொடுத்தார். அரசியல் பகை நண்பர்களுக்குள் கொலை வரை போகிற கதை அது. உள்ளே புழுங்குகிறவன், வெளியே காட்ட முடியாதவன். ஆட்டக்காரரின் மூடிய முகத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. 2000-ம் ஆண்டுக்கான சிறந்த படம் என்ற தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது.

அதே விஜயன் தமிழுக்கு வந்தார். 2006-ல் 'திமிரு': வில்லன் கூட்டத்தில் ஒருவர். 'கொம்பன்' படத்திலும் ஏறக்குறைய அதே கணக்கு. 2019-ல் 'பிகில்' வந்தது. முழுநீளக் கால்பந்துப் படம். நடிகர் பட்டியலில் இந்திய அணியின் முன்னாள் கேப்டன் இருக்கிறார். அவருக்குக் கிடைத்த இடம் ரவுடிக் கூட்டத்தின் பக்கம்! கறுத்த, இறுகிய உடம்பைப் பார்த்தால் நம் சினிமாவுக்கு உடனே அரிவாள் ஞாபகம் வந்துவிடுகிறது. ஆள் ஒருவர்தான், மாநில எல்லைதான் மாறியது. ஆகவே குறை ஆட்டக்காரரிடம் இல்லை.

தமிழில் நல்ல உதாரணமே இல்லையா என்றால், இருக்கிறது. 2009-ல் ஹனோயில் நடந்த ஆசிய உள்ளரங்கப் போட்டியில் கிக்பாக்சிங் ஆடிய ரித்திகா சிங்கை, 2016-ல் 'இறுதிச்சுற்று' என்ற குத்துச்சண்டைப் படத்தில் நாயகியாக்கினார் சுதா கொங்கரா. சிலையாக நிற்கவைக்கவில்லை. மதி என்ற மீன் விற்கும் பெண் பேசிக்கொண்டே இருப்பாள், சண்டை போடுவாள், காதலைக்கூட அடக்கிவைக்கத் தெரியாதவள். பம்பாயில் வளர்ந்த பெண்ணிடம் வடசென்னைக்காரியை வரவழைத்தது சும்மா நடந்துவிடாது. பயிற்சிக்கு நேரம் கொடுத்த இயக்குநருக்கே அதில் பெரும்பங்கு. தேசிய விருதில் சிறப்புக் குறிப்பு வந்தது. அதே வருஷம் 'ஆண்டவன் கட்டளை' படத்தில் பத்திரிகையாளராக, ஒரு குத்துக்கூட விடாமல் நடித்தார். குத்துச்சண்டைக்காரி வேஷத்துக்கு மட்டும்தான் லாயக்கு என்ற பேச்சு அதோடு போயிற்று.

நட்சத்திரம் இல்லாமல் படம் விற்காது என்று தயாரிப்பாளர் சொல்வார். நாயகன் நட்சத்திரமாகவே இருக்கட்டும். அணியில் மீதிப் பத்துப் பேர் இருக்கிறார்களே, அவர்களுக்கு என்ன தடை? நடிகருக்குப் பந்து கற்றுக்கொடுக்க மாதக்கணக்கில் செலவழிக்கிறவர்கள், ஆட்டக்காரருக்கு வசனம் சொல்லிக்கொடுக்க அதில் பாதி நாளாவது ஒதுக்கலாம்.

இதில் தொழில் லாபமும் இருக்கிறது. ஆடத் தெரியாதவர் ஆடும்போது எடிட்டர் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும்: கால் ஒரு ஷாட், முகம் ஒரு ஷாட், வலைக்குள் பந்து ஒரு ஷாட். ஆடுவது வேறு யாரோ என்று மைதானம் பார்த்த எவருக்கும் தெரிந்துவிடும். சென்னை லீக் கிரிக்கெட் ஆடிவிட்டு நடிக்க வந்த விஷ்ணு விஷாலை 'ஜீவா' படத்தில் பாருங்கள். மட்டை பிடித்து நிற்கும் நிலையிலேயே பழக்கம் தெரியும். அங்கே இயக்குநர் எதையும் ஒளிக்க வேண்டியதில்லை. உதைக்கிற காலில் தொடங்கி, கோல் விழுந்ததும் மாறுகிற முகம் வரை கேமராவை வெட்டாமல் கொண்டுபோக, நிஜ ஆட்டக்காரர் ஒருவர் இருந்தால் போதும். நம் கால்பந்துப் படங்கள் இன்னும் எடுக்காத ஷாட் அதுதான்.