ஓவியத்தின் முன் நிற்றல்

கொழும்பிலுள்ள தேசிய ஓவியக்கூடம் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் அமைந்திருப்பதில் ஒரு முரண்நகை உண்டு. 1917ஆம் ஆண்டு தொடக்கம் 1947இல் மறையும்வரை பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையிலே கடமையாற்றியவர் குமாரசுவாமி. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளை நூதனசாலையொன்றிற் கழித்த அவரே, கலைப்பொருள்கள் நூதனசாலையில் வைப்பதற்கெனப் படைக்கப்பட்டவையல்ல என்பதை இடையறாது வற்புறுத்தியவருமாவார். கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைப்பது எதற்காக என்ற வினாவையே தலைப்பாகக் கொண்ட அவரது கட்டுரைத் தொகுதி 1943இல் வெளிவந்தது. வாழும் கலைஞரின் படைப்புக்கள் வீடுகளுக்கும் வழிபாட்டிடங்களுக்கும் உரியன. அவற்றைக் காட்சிக்கு வைப்பது நூதனசாலையின் பணியன்று. பழம்பொருள்களைக் காட்டுவதாயின் அது கற்பித்தற் பொருட்டாகவே இருத்தல் வேண்டும். ஒரு பொருள் எத்தேவைக்காக, எந்த நம்பிக்கையின் அடிப்படையில் ஆக்கப்பட்டதென்பதை அறியாது அதன் வண்ணத்தை மட்டும் கண்டு மகிழ்வது வெறும் புலனுணர்ச்சியே. அவரது வாதத்தின் சாரம் இதுவாகும்.

இவ்வாதம் எளிதில் தள்ளிவிடக்கூடியதன்று. எனினும் ஓவியக்கூடத்துக்குச் செல்லும் இன்றைய மாணவரிடத்துக் காணப்படும் குறை குமாரசுவாமி கண்டித்த குறைக்கு நேர்மாறானது. புலனின்பத்தில் மூழ்கிவிடுபவராக அவர் இல்லை. பார்ப்பதற்கே அவர் இன்னும் தொடங்கவில்லை. மண்டபத்துள் நுழைந்ததும் அவரது கண் முதலிற் செல்வது ஓவியத்தின் கீழுள்ள பெயர்ச்சீட்டுக்கு. பெயர், ஆண்டு, ஓவியரின் ஊர் ஆகியவற்றை வாசித்தபின், சீட்டிற் கூறப்பட்டது சட்டகத்துள் இருக்கின்றதா எனச் சரிபார்ப்பதற்காக ஒருமுறை நிமிர்ந்து நோக்குகின்றார். இருந்தால் திருப்தி, இல்லையேல், ‘இது என்ன?’ என்ற வினா. இரண்டிலும் அடுத்த ஓவியத்துக்கு நகர்தற்கு அரை நிமிடம் போதுமானது. இலக்கியம் பயில்வோரிடத்து இப்பழக்கம் இன்னும் வலுவானது. எழுத்தை வாசித்தே பழகிய கண் ஓவியத்தையும் எழுத்தாக மாற்றிய பின்னரே ஏற்றுக்கொள்கின்றது.

இந்நாட்டிலே ஓவியத்தின் முன் நின்றவர்கள் தம் அனுபவத்தை எழுதிவைத்த மிகப் பழைய சான்று சிகிரியாவின் கண்ணாடிச் சுவரில் உள்ளது. அச்சுவரில் கீறப்பட்ட பாடல்களுள் 685ஐச் செனரத் பரணவிதான வாசித்து 1956இல் இரு தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றுட் பெரும்பாலானவை எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. ஓவியங்களோ ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் காலத்தவை. எனவே பாடலெழுதியோர் தாம் கண்ட பெண்கள் யாவர் என்பதை உறுதியாக அறிந்திருந்தார் எனக் கூறுதற்கில்லை. இன்றும் அவ்விடயம் முடிந்த முடிபாக இல்லை. பிதுரங்கல விகாரைக்குச் செல்லும் அரசகுலப் பெண்கள் என்றார் பெல். அப்சரசுகள் என்றார் குமாரசுவாமி. மேகத்தையும் மின்னலையும் உருவகிக்கும் மகளிர் என்றார் பரணவிதான. ஆக்கப்பட்ட நோக்கம் தெளிவுறாத ஓவியத்தின் முன் நூற்றுக்கணக்கானோர், பெண்களும் உட்பட, நின்று நோக்கிச் சுவரிற் கவிதை கீறிச் சென்றுள்ளனர். அவ்வுருவங்கள் தம்முடன் பேசவில்லையே என்று அவர்களுட் பலர் குறைப்பட்டுமுள்ளனர். நோக்கம் அறியாத பார்வை வீண் என்ற கருத்துக்கு இதனினும் வலிய மறுப்பைக் காண்பது அரிது. அதேவேளை அவர்களும் ஓவியத்தைப் பார்த்ததிலும் ஓவியத்திலுள்ள பெண்ணைப் பார்த்ததே அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கோட்டைப் பற்றியும் வண்ணத்தைப் பற்றியும் அவர்கள் பேசுவது குறைவு.

கோட்டைப் பார்க்கக் கற்பதற்குக் கொழும்பில் ஏற்றதோர் இடம் பார்ன்ஸ் பிளேசிலுள்ள சபுமல் மன்றம். இது ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு; 1974இல் அவராலேயே மன்றமாக நிறுவப்பட்டது. லயனல் வென்ற்றின் முயற்சியால் 1943இல் உருவான ‘43 குழு’வினரின் படைப்புக்கள் இங்கே வீட்டறைகளின் சுவர்களிலேயே தொங்குகின்றன. ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தரணியகல, ஐவன் பீரிஸ், ரிச்சட் கேப்ரியல், ஜோர்ஜ் கிளாசன் முதலியோர் அக்குழுவைச் சேர்ந்தவர்கள். நூதனசாலை மண்டபத்தின் எதிரொலியும் காவலாளரின் பார்வையும் இல்லாமையால் இங்கு நிற்பது எளிது. நிற்பதே முதற் பாடம்.

கீற்றின் ஓவியமொன்றின் முன் பெயரை வாசிக்காது சிறிது நேரம் நிற்பவருக்கு முதலிற் புலப்படுவது உருவங்களைச் சூழ்ந்தோடும் அழுத்தமான கருங்கோடு. நெற்றியிற் புறப்படும் கோடு மூக்காகி, மறுபக்கத்து முகத்தின் எல்லையுமாகி, தோளுக்கு இறங்குகின்றது. ஒரே முகம் பக்கத்தோற்றமாகவும் நேர்த்தோற்றமாகவும் தெரிவதற்குக் காரணம் அக்கோடு இரண்டு வேலைகளைச் செய்வதே. ‘முகம் ஏன் இவ்வாறு கோணலாக உள்ளது?’ என்ற வினா அந்நிலையில் தானாகவே மறைந்துவிடும். பிக்காசோவிடமிருந்து கீற் எதைப் பெற்றார், இந்தியச் சிற்பத்திலிருந்து எதைப் பெற்றார் என்ற ஆராய்ச்சி அதன் பின்னரே பயனுடையது. ஜயதேவரின் கீதகோவிந்தத்தை அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் என்ற செய்தியும் அவ்வாறானதே. இவற்றை முன்னதாகவே அறிந்து வருபவர் பெரும்பாலும் செய்தியைச் சரிபார்த்துவிட்டுச் சென்றுவிடுவார்.

ஐவன் பீரிஸிடம் வரும்போது தமிழ் மாணவருக்கு வேறொரு சோதனை காத்திருக்கின்றது. தெஹிவளைக் கடற்கரைச் சூழலிற் பிறந்து வளர்ந்த இவர், 1950கள் தொடக்கம் இங்கிலாந்தில் வாழ்ந்து 1988இற் காலமானவர். விட்டுவந்த கரையையே பல்லாண்டுகளாக மீண்டும் மீண்டும் தீட்டியவர். மணல், கடல், வானம் எனக் கிடையாக விரியும் பட்டைகள்; அவற்றை ஊடறுத்து நிற்கும் ஒரு மரம் அல்லது அசைவற்ற மனித உருவம். இதைக் கண்டதும் ‘நெய்தல், இரங்கல்’ என்று சொல்லத் தமிழ் மாணவரின் நா துடிக்கும். சொல்லிவிட்டால் பார்வை அங்கேயே முடிந்துவிடும். சுவரிலிருந்த பெயர்ச்சீட்டுக்குப் பதிலாக மனத்திலிருந்த பெயர்ச்சீட்டை ஒட்டியதே மிச்சம். எனினும் திணைக் கோட்பாட்டைப் பெயராகக் கொள்ளாது முறையாகக் கொண்டால் நிலைமை வேறு. அகப்பாடலில் உரிப்பொருளைத் தாங்குவது தலைவியின் கூற்று மட்டுமன்று. நிலமும் பொழுதும் கருப்பொருளும் சேர்ந்தே அதைத் தாங்குகின்றன. ஐவன் பீரிஸின் ஓவியத்திலும் துயரம் அம்மனித முகத்தில் இல்லை; பல வேளைகளில் முகமே தெளிவாக இல்லை. கடலின் கிடைக்கோடு எவ்வளவு உயரத்தில் வைக்கப்பட்டுள்ளது, உருவம் அக்கோட்டுக்கு மேலே எழுகின்றதா அல்லது அதனுள் அடங்குகின்றதா என்பவற்றிலேயே அது தங்கியுள்ளது. முதலும் கருவும் உரியைத் தாங்கும் முறையைச் செய்யுளிற் கண்டு பழகிய ஒருவர் இதைக் காணப் பிறரிலும் தகுதியுடையவர்.

இவ்விடயம் ஓவிய இரசனையோடு முடிவதன்று. 1960களிலும் 1970களிலும் ஈழத்துத் தமிழ் விமர்சகர்களிடையே உருவம், உள்ளடக்கம் பற்றிக் கடுமையான வாதங்கள் நிகழ்ந்தன. கைலாசபதி, சிவத்தம்பி, தளையசிங்கம் முதலியோரின் எழுத்துக்களை இன்றைய மாணவர் பரீட்சைக்காகவேனும் படிக்கின்றனர். அவ்வாதங்களுக்கு எடுத்துக்காட்டாக அமைந்தவை பெரும்பாலும் சிறுகதையும் நாவலும் கவிதையுமே. கதையிலிருந்து உள்ளடக்கத்தைப் பிரித்தெடுத்துச் சுருக்கிக் கூறுவது இயலும் என்ற மயக்கம் எழுத்துக்கலையில் நீடிக்கக்கூடியது. கடலின் கிடைக்கோட்டை இரு விரற்கடை உயர்த்தினால் ஐவன் பீரிஸின் ஓவியத்தில் உள்ளடக்கம் எது மாறியது, உருவம் எது மாறியது எனப் பிரித்துக்கூற எவராலும் இயலாது. அவ்வாதத்தில் ஓவியமும் சாட்சியாக அழைக்கப்பட்டிருப்பின் பல பக்கங்கள் மிச்சமாகியிருக்கும். தமிழ்த்துறைகளில் ஓவியம் இன்னும் ‘நுண்கலைகள்’ என்ற ஓரத்துத் தலைப்பின் கீழேயே கிடப்பது இவ்விழப்பைத் தொடரச் செய்கின்றது.

குமாரசுவாமிக்கு உரியதை வழங்கவும் இடமுண்டு. பொறளையிலுள்ள கோதமி விகாரையின் சுவர்களில் 1939, 1940ஆம் ஆண்டுகளிற் புத்தரின் வாழ்க்கையைத் தீட்டியவரும் கீற்றே. இங்கு ஓவியம் தனக்குரிய இடத்தில் உள்ளது. வாழும் கலைஞர் ஒருவர் வழிபாட்டிடத்துக்கென ஆக்கியமையால் குமாரசுவாமியின் நிபந்தனை நிறைவேறுகின்றது. அக்காலத்து வீடுகளில் தொங்கிய சார்லிஸின் வண்ண அச்சுப்படங்களுக்குப் பழகியோருக்கு இவ்வுருவங்கள் புதியனவாக இருந்திருக்கும். ஆயினும் கதை தெரிந்த அடியவர் ‘இது என்ன?’ என்று கேட்கவேண்டியதில்லை. பார்ன்ஸ் பிளேசில் வெறும் கோடாகக் கண்டது இங்கே சுவரளாவி விரிந்து, ஒரு கதையின் சுமையையும் தாங்கி நிற்கின்றது. அங்கே கோட்டைத் தொடர்ந்து செல்லப் பழகாத கண் இங்கே கதையை மட்டும் வாசித்துவிட்டு வெளியேறும். கதையறியாத கண்ணுக்கோ அக்கோடு எதற்காக இவ்வளவு அமைதியாகின்றது என்பது விளங்காது.

பல்கலைக்கழகங்களின் கல்விச் சுற்றுலா நிரல்களில் கொழும்பு நூதனசாலைக்கு ஒரு மணித்தியாலமும் மிருகக்காட்சிச்சாலைக்கு மூன்று மணித்தியாலமும் ஒதுக்கப்படுவது வழக்கம். பார்ன்ஸ் பிளேசும் பொறளையும் அயல் அயலே உள்ளவை. இரண்டையும் ஒரே முற்பகலில், ஓரிடத்துக்கு மூன்று ஓவியங்களுக்கு மேற் பார்ப்பதில்லை என்ற கட்டுப்பாட்டுடன், பார்த்துத் திரும்பலாம். வீட்டிலிருந்து தொடங்கி விகாரையில் முடிப்பதே பொருத்தமான வரிசை.