வரிப்பட்டியலிலிருந்து வந்த சொல்

ரோமானியர்களின் பாதிப்பு என்றதும் சாலை, சட்டம், செனட் என்று ஆரம்பித்துவிடுவது வழக்கம். அவை கண்ணுக்குத் தெரிகிற சமாசாரங்கள். நம் விமர்சன மேஜையின்மீதே அவர்கள் விட்டுப்போன பொருள் ஒன்று கிடக்கிறது. 'கிளாசிக்' என்ற சொல்லைச் சொல்கிறேன்.

இரண்டாம் நூற்றாண்டில் ஆலஸ் கெல்லியஸ் 'அட்டிக் இரவுகள்' எழுதினார். நூல் என்பதைவிடக் குறிப்பேடு என்பது பொருந்தும். படித்தது, கேட்டது, பண்டிதர்களின் சண்டை எல்லாம் அதில் உண்டு. 19ஆம் புத்தகத்தில் விவகாரம் மணலைப் பற்றியது. மணலைக் குறிக்கும் லத்தீன் சொல்லைப் பன்மையில் எழுதலாமா? நான்கு குதிரை ரதத்துக்கான சொல்லை ஒருமையில் எழுதலாமா? ஜூலியஸ் சீஸரின் இலக்கண நூல் சாட்சிக்கு அழைக்கப்படுகிறது. பேசுகிறவர் ஃப்ரோண்டோ, மார்க்கஸ் அரேலியஸின் ஆசிரியர். (வட ஆப்பிரிக்காவின் சிர்ட்டாவில் பிறந்தவர். லத்தீனின் தூய்மைக்குக் காவல் நின்றவர் மாகாணத்துக்காரர் என்பது யோசிக்கத் தக்கது.) பழைய எழுத்தாளர் எவராவது அப்படி எழுதியிருக்கிறாரா, தேடிப் பாருங்கள் என்கிறார். ஆனால் அந்த எழுத்தாளர் 'கிளாஸிக்கஸ்' ஆக இருக்க வேண்டும், 'ப்ரொலிடேரியஸ்' ஆகாது.

இரண்டும் வரிவிதிப்புக்காரனின் சொற்கள். கணக்கையும் கெல்லியஸே வேறு இடங்களில் தருகிறார். 1,25,000 ஆஸ் — ஆஸ் என்பது செப்புக் காசு — சொத்துக் காட்டியவன் கிளாஸிக்கஸ். 1,500க்கு மேல் காட்ட முடியாதவன் ப்ரொலிடேரியஸ். பிள்ளைகளைத் தவிர அரசுக்குத் தர அவனிடம் ஒன்றுமில்லை. இன்னும் கீழே, 375 ஆஸ் அளவில், தலையை மட்டும் எண்ணிக்கொண்டார்கள்.

ஃப்ரோண்டோ பாதி விளையாட்டாகச் சொல்லியிருக்கலாம். விளையாட்டு நிலைத்துவிட்டது. 1548இல் செபியே பிரெஞ்சுக் கவிகளுக்கு இதே அடைமொழியைச் சூட்டினார். 1850இல் சான்த்-பவ் சொல்லின் வேர் கெல்லியஸிடம் இருப்பதைச் சுட்டிவிட்டு மேலே போய்விட்டார். 1944இல் எலியட் வர்ஜிலை முன்னிறுத்தி முதிர்ச்சியே கிளாசிக்கின் லட்சணம் என்றார். எட்டு வருஷம் வங்கியில் வேலை பார்த்தவருக்குக் கணக்குப் புத்தகத்தின் வாசனை தட்டியிருக்க வேண்டும்.

மற்ற சொல் வேறு வழியில் போயிற்று. 1844இல் அச்சான ஹெகல் பற்றிய கட்டுரையில் மார்க்ஸ் அதை வரலாற்றின் நாயகனுக்குப் பெயராக்கினார். ரோமானிய ப்ரொலிடேரியனும் ஆலைத் தொழிலாளியும் ஒன்றல்ல என்பதை அறிந்தே செய்தார். 1869இல் எழுதிய ஒரு முன்னுரையில் அதைச் சொல்லவும் செய்தார். தமிழில் அது 'பாட்டாளி' ஆயிற்று, பாடுபடுகிறவன். ரோமாபுரியின் பட்டியல் அவன் பிள்ளைகளை மட்டுமே பார்த்தது. அவன் உழைப்பைத் தமிழ்ச் சொல்தான் பார்த்தது. மூலத்தை மீறிய மொழிபெயர்ப்பு. 'செவ்வியல்' அப்படியல்ல. செம்மை என்ற நல்ல சொல்லால் சொத்துக் கணக்கை மூடிவைத்துவிட்டது.

நம் இலக்கியச் சண்டைகளில் செவ்வியலைத் தூக்கிப் பிடித்தவர்களும் பாட்டாளி இலக்கியம் கேட்டவர்களும் எதிரெதிர் முகாம்களில் நின்றார்கள். இருவர் கையிலிருந்ததும் ஒரே வாக்கியத்தின் இரண்டு துண்டுகள். எழுத்தைத் தொடுவதற்கு முன்பே எழுதியவன் எந்த வகுப்பு என்று கேட்கிற வாக்கியம் அது.

2004இல் இந்திய அரசு தமிழைச் செம்மொழி என்று அறிவித்தது. தகுதிகளில் ஒன்று ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட தொன்மை. மறுவருஷமே அது 1,500 முதல் 2,000 வருஷம் என்று உயர்த்தப்பட்டது. முதல் வகுப்புக்கான சொத்து வரம்பைத் திருத்துவது என்பது இதுதான். தமிழின் தொன்மையில் எனக்குச் சந்தேகமில்லை. சான்றிதழ் வந்தபின் கவிதையைப் படிக்க வேண்டிய அவசியம் போய்விடுகிறதே என்பதுதான் என் கவலை. ஃப்ரோண்டோ தேடச் சொன்னதும் கவிதையை அல்ல, மணலின் பன்மைக்கு ஒரு சாட்சியை. மேற்கோளாக நிற்கத் தகுதியுள்ளவன் கிளாஸிக், அவ்வளவே. கணியன் பூங்குன்றன் அப்படித்தான் நம்மிடையே வாழ்கிறார். 13 வரிகளில் மேடைக்கு வருவது முதல் வரி. நடுவில் பேராற்றின் நீரோடு போகிற புணை, அந்த உவமையின் பயங்கரம், வருவதில்லை. பெரியோர், சிறியோர் என்று தரம் பிரித்து வியக்கவும் இகழவும் மறுக்கிற கடைசி இரண்டு வரிகளும் அபூர்வமாகவே வருகின்றன.

கெல்லியஸின் மூன்றாம் புத்தகத்தில் ப்ளாட்டஸைப் பற்றி ஒரு கதை உண்டு, வார்ரோ சொன்னதாக. நாடகத்தில் சம்பாதித்ததை வியாபாரத்தில் தொலைத்துவிட்டு, ரொட்டிக்காரனிடம் கூலிக்குத் திரிகை தள்ளினாராம். தள்ளிக்கொண்டே மூன்று நாடகங்கள் எழுதினாராம். கட்டுக்கதையாகவே இருக்கட்டும். இதைக் கெல்லியஸ் எழுதும்போது பட்டியலில் ப்ளாட்டஸை எங்கே வைப்பது என்ற கேள்வி அவருக்கு எழவேயில்லை. ஃப்ரோண்டோவுக்கும் ப்ளாட்டஸ் என்றால் உயிர்.

ஃப்ரோண்டோவின் கடிதங்கள் நெடுங்காலம் கிடைக்கவில்லை. எழுதியிருந்த தோலைச் சுரண்டிவிட்டு, அதன்மேல் கால்சிடோன் சபையின் நடவடிக்கைகளை யாரோ எழுதிவிட்டார்கள். 1815இல் ஆஞ்செலோ மாய் மிலானிலிருந்து ஒரு பகுதியை மீட்டு அச்சிட்டார். படித்தவர்களில் ஏமாந்தவர்களே அதிகம்.