மூன்று பாடநூல்களும் ஒரு பேராசிரியரும்

லோயர் கேம்ப் மின்நிலையக் குடியிருப்பிலோ கம்பம் பள்ளத்தாக்கின் வேறோர் ஊரிலோ பிளஸ் டூ தேறிய பிள்ளை, இளங்கலையில் சமயமும் மெய்யியலும் பயில விரும்பினால், பெற்றோருக்கு இரண்டு அச்சங்கள் எழும். ஒன்று பிழைப்பைப் பற்றியது. அதை இங்கே விட்டுவிடலாம். மற்றது, பிறர் கேள்விகளைக் கற்றுப் பிள்ளை தன் விசுவாசத்தை இழந்துவிடுமோ என்பது. மெய்யியல் குருமாணவர்க்கே உரியது என்ற எண்ணமும் நம்மிடம் உண்டு. பழனி மலையில், செண்பகனூரில் 1895இல் இயேசு சபையார் நிறுவிய திரு இருதயக் கல்லூரி நினைவுக்கு வருவது அதனால்தான். இவ்வச்சத்தை மனத்தில் இருத்தி, டாக்டர் ராதாகிருஷ்ணன் 1937இல் வெளியிட்ட 'மை சர்ச் ஃபார் ட்ரூத்' என்னும் தன்வரலாற்றுக் கட்டுரையைப் படிப்பது தகும்.

திருத்தணியில் 1888இல் பிறந்த அவர், பதினேழாம் வயதில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் இளங்கலை வகுப்பில் எப்பாடத்தைத் தேர்வதெனத் தடுமாறி நின்றார். பட்டம் பெற்று வெளியேறிய உறவினர் ஒருவர் தம் மெய்யியல் நூல்களை அவரிடம் தந்தார். ஸ்டௌட் எழுதிய உளவியல், வெல்ட்டன் எழுதிய அளவையியல், மெக்கன்சி எழுதிய அறவியல். செலவில்லாமல் கிடைத்த மூன்று நூல்கள் ஒரு வாழ்வின் திசையை முடிவு செய்தன. இச்செய்தியைப் பலரும் சுவைபடச் சொல்வார்கள். ஆனால் அம்மூன்றையும் எழுதியவர்கள் பிரித்தானியர் என்பதைக் கவனிப்போர் குறைவு. ஜி. யு. போப் ஐயரின் திருவாசக மொழிபெயர்ப்பு 1900இலேயே அச்சேறிவிட்டது. ஆயினும் அக்காலப் பாடத்திட்டத்தில் மெய்யியல் மாணவன் இந்திய மரபின் ஒரு நூலையும் அறியாமலே தேறிவிட முடிந்தது. திருத்தணி, திருப்பதி என்னும் திருத்தலங்களில் வளர்ந்த இளைஞனுக்கு அவன் மண்ணின் சிந்தனை வகுப்பறையில் கிடைக்கவில்லை.

கிடைத்தது அதைப் பற்றிய கண்டனம். விவேகானந்தரால் எழுப்பப்பட்ட தம் இந்துப் பெருமிதம், மறைபரப்புக் கல்விக்கூடங்கள் இந்து சமயத்தை நடத்திய விதத்தால் புண்பட்டது என்று அவர் எழுதும் பகுதி நம்மவர்க்கு இனிக்காது. அது சீர்திருத்த சபையாரின் கல்லூரிதானே என்று ஒதுங்குவதும் நேர்மையாகாது. அந்தக் காயமே அவரைக் கற்கத் தூண்டியது. முதுகலைக்காக அவர் எழுதி 1908இல் அச்சான ஆய்வுரை, வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்கு மறுமொழியாகும்.

அதை மதிப்பிட வேண்டியிருந்தவர் பேராசிரியர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக். எடின்பரோவில் இறையியல் பயிலும்போதே நம்பிக்கை தளர்ந்து, போதகர் பயிற்சியைக் கைவிட்டவர். மீண்டெழுந்த நம்பிக்கையோடு 1903இல் பொதுநிலையினராகவே சென்னைக்கு வந்தவர். தம் வாதம் ஆசிரியரைப் புண்படுத்துமோ என மாணவர் அஞ்சினார். ஹாக் அவருடைய புரிதலையும் சிக்கலான வாதத்தைக் கையாளும் ஆற்றலையும் பாராட்டிச் சான்றளித்தார். தம் விசுவாசத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 1928 முதல் 1938 வரை அக்கல்லூரியின் முதல்வராகவும் விளங்கினார். ஒருமுறை ஐயத்தின் வழியே நடந்து மீண்டவருக்கு மாணவனின் மறுப்பைக் கண்டு பதற வேண்டியிருக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆய்வுரையிலும் குறையுண்டு. குற்றம் சாட்டியவரின் அளவுகோலையே மாணவர் ஏற்றுக்கொள்கிறார். வேதாந்தம் தானாக எழுப்பும் கேள்வி எது என்று கேட்பதற்கு முன், மெக்கன்சியின் அறவியல் கேட்கும் கேள்விக்கு அதனிடம் விடையுண்டு என்று நிறுவ முற்படுகிறார். வழக்காடுவோருக்கு இம்முறை பொருந்தும். கற்போருக்கு இது பாதிவழியே. இருபது வயது இளைஞரிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது மிகையென்பதையும் சொல்லியாக வேண்டும். மூன்று பாடநூல்கள் கொடுத்த கருவிகள் அவ்வளவே.

நம் பிள்ளைகளின் நிலை என்ன? 1965 அக்டோபர் 28இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட 'நோஸ்த்ரா ஏத்தாத்தே' அறிக்கை, பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் உள்ள எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்றது. இந்து சமயத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. சைவ சித்தாந்தத்தை மறுப்புரைகளின் வழியாக மட்டும் அறிந்த கத்தோலிக்க மாணவன் அந்தச் சொற்களை எப்படி நிறைவேற்றுவான்? 1905இன் வகுப்பறையில் இந்து இளைஞன் பட்ட இழப்பைத்தான் இவனும் வேறு பக்கத்திலிருந்து படுகிறான். தன் சமயத்தின் மெய்யியலையும் அவன் மறைக்கல்வி வகுப்போடு நிறுத்திக்கொள்கிறான். ஆகவே பெற்றோர் அஞ்ச வேண்டியது பாடத்தைக் குறித்தா, அரைகுறைப் பாடத்தைக் குறித்தா என்று கேட்கத் தோன்றுகிறது.

இந்த ஆய்வுரையைத் தேடிப் படிக்க விழைவோர், முதலில் ஹாக் எழுதிய 'கர்மா அண்ட் ரிடெம்ப்ஷன்' நூலைப் படிப்பது நலம். நூலாக வந்தது 1909இல். ஆயினும் அதன் கட்டுரைகள் 1904-05இலேயே கல்லூரி இதழில் வெளிவந்துவிட்டன. வினைக்கோட்பாட்டை இகழாமல், அதன் முழு வலிமையோடு எடுத்துவைத்து, பிறகே மீட்பின் பொருளை அதனோடு உரசிப் பார்க்கிறார் ஹாக். அதன்பின் மாணவரின் ஆய்வுரையைத் திறந்தால், அவர் யாருடைய வகுப்பில் அமர்ந்து வாதிடக் கற்றார் என்பது விளங்கும்.