அறிவினாவும் அறியா வினாவும்: ஆசிரியர் தகுதித் தேர்வுப் பொது அறிவியல் கையேடுகள் – தாமிரபரணிப் பள்ளத்தாக்கை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டில் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் பயில்வோர் கையாளும் ஒருவரி வினா-விடைக் கையேடுகளை ஓர் உரைவகையாகக் கொண்டு இக்கட்டுரை திறனாய்கிறது. ஓர் அறிவியல் கூற்று உண்மையாவதற்கு வேண்டிய நிபந்தனையைக் கையேடு நீக்கிவிடுகிறது. அந்த இழப்பு தேர்வறையில் தெரிவதில்லை, வகுப்பறையில்தான் தெரிகிறது என்பது இதன் கருதுகோள். நன்னூல் கூறும் வினா வகைகள் அளவுகோலாகவும், தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் இயற்கைச் சூழல் சான்றுக்களமாகவும் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச் சொற்கள்: தகுதித் தேர்வு, ஒருவரி வினா-விடை, நன்னூல், அறிவினா, அறியா வினா, தாமிரபரணி, அறிவியல் கற்பித்தல்

முன்னுரை

குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதனைத் தொடர்ந்து தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்டு 23இல் வெளியிட்ட அறிவிக்கை, ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு ஆசிரியராக விரும்புவோர்க்குத் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் ஆசிரியர் தேர்வு வாரியம் இத்தேர்வை முதன்முதலில் 2012 ஜூலையில் நடத்தியது. அன்று 150 வினாக்களுக்கு ஒன்றரை மணி நேரமே தரப்பட்டது. வினா ஒன்றுக்கு 36 வினாடி. தேர்ச்சி பெற்றோர் மிகச் சிலராக இருந்ததால் அதே ஆண்டு அக்டோபரில் நடந்த துணைத் தேர்வில் நேரம் மூன்று மணியாக உயர்த்தப்பட்டது. இப்போது வினா ஒன்றுக்கு 72 வினாடி கிடைக்கிறது. முதல் தாளில் சூழ்நிலையியலுக்கு 30 வினாக்கள். இரண்டாம் தாளில் கணிதமும் அறிவியலும் தேர்ந்தெடுப்போர்க்கு அவ்விரண்டுக்கும் சேர்த்து 60 வினாக்கள்.

இந்த 72 வினாடியை நோக்கி எழுந்ததே ஒருவரி வினா-விடைக் கையேடு. தேர்வுத் தமிழ் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் பாடநூலையும் வினாத்தாளையும் எடுத்துக்கொள்கின்றன. இரண்டிற்கும் இடையே நிற்கும் கையேட்டை நூலாகவே கருதுவதில்லை. ஆயினும் வருங்கால ஆசிரியர் ஒருவர் தம் இருபதுகளின் பிற்பகுதியில் மிகுதியாகப் படிக்கும் அறிவியல் உரைநடை இதுவே. அக்காரணம் ஒன்றே இதனைத் திறனாய்வுக்கு உரியதாக்கப் போதுமானது.

கையேட்டின் வடிவம்

வினா-விடை வடிவம் தமிழுக்குப் புதிதன்று. ஆறுமுக நாவலரின் இலக்கண வினாவிடை, சைவ வினாவிடை ஆகியவை பள்ளிக்கல்வி கருதி எழுந்தவை. அம்மரபில் ஒரு விடை அடுத்த வினாவுக்குத் தோற்றுவாயாக அமையும். வினாக்களின் வரிசையே பொருளை விரித்துச் செல்லும். இன்றைய கையேட்டில் அவ்வரிசை இல்லை. ‘மனித உடலில் உள்ள எலும்புகள் – 206’ என்ற வரிக்கும், அடுத்து வரும் ‘மழையை அளக்கும் கருவி – மழைமானி’ என்ற வரிக்கும் எத்தொடர்பும் இல்லை. வினைமுற்றும் இல்லை, இடையில் ஒரு சிறு கோடு மட்டுமே உண்டு. ‘ஆகையால்’, ‘எனின்’, ‘இருப்பின்’ போன்ற இணைப்புச் சொற்கள் நுழைவதற்கு அக்கோட்டில் இடமில்லை. அறிவியல் உரைநடையின் எலும்புக்கூடு இச்சொற்களே என்பதைக் கருத, இழப்பின் அளவு விளங்கும்.

பாடநூலிலிருந்து கையேடு எதை எடுக்கிறது என்பதும் நோக்கத்தக்கது. 2018-19 முதல் படிப்படியாக வெளிவந்த புதிய பாடநூல்களில் செயல்பாடுகளும், ‘உங்களுக்குத் தெரியுமா?’ என்னும் கட்டச் செய்திகளும் மிகுதி. செயல்பாட்டிலிருந்து ஒருவரி விடையைப் பெற இயலாது. ஆகவே கையேடு அதனைக் கைவிடுகிறது. கட்டச் செய்தியோ எண்ணும் பெயருமாக இருப்பதால் அப்படியே எடுத்தாளப்படுகிறது. மாணவரின் வியப்பைத் தூண்ட வைத்த துணுக்கு தேர்வரின் மனப்பாடப் பகுதியாகவும், பாடத்தின் உயிரான செயல்பாடு பயனற்ற பக்கமாகவும் இடம் மாறிவிடுகின்றன.

நன்னூல் தரும் அளவுகோல்

பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுவியலில் வினாவை ஆறாகப் பகுக்கிறார்: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. விடையை எட்டாகப் பகுக்கிறார். தகுதித் தேர்வின் தமிழ்ப் பகுதிக்காக ‘வினா எத்தனை வகைப்படும்?’ என்பதைத் தேர்வர் மனப்பாடம் செய்கிறார் என்பது இங்கு ஒரு நகைமுரண். அப்பகுப்பே அவர் அறிவியலுக்காகப் படிக்கும் கையேட்டைத் திறனாயும் கருவியாகிறது.

அறிவினா, வினவுபவர் விடையை அறிந்திருந்து, எதிரிலிருப்பவர் அறிவாரா எனச் சோதிப்பது. தேர்வு முழுவதும் அறிவினாவே. அவ்வாறு இருப்பது தவறுமன்று. வகுப்பறையிலோ பத்து வயதுக் குழந்தை கேட்பது அறியா வினா அல்லது ஐய வினா. கையேடு அறிவினாவுக்கு மட்டுமே பயிற்றுகிறது. விடை வகைகளில் அது அறிந்தது, ‘இது’ எனக் காட்டும் சுட்டு விடை ஒன்றே. வினா எதிர் வினாதல் என்ற விடைக்கு இலக்கணம் கூறும் பொருள் வேறு. கேள்விக்குக் கேள்வியாலேயே உடன்பாடு உணர்த்துவது அது. எனினும் குழந்தையின் வினாவுக்கு இன்னொரு வினாவால் வழிகாட்டும் ஆசிரியருக்கு அப்பெயரை நீட்டித்து வழங்குவதில் பிழையில்லை. அத்தகைய எதிர்வினாவை எழுப்ப, விடை எந்த நிபந்தனையில் நிற்கிறது என்பதை ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும்.

நிபந்தனை இழந்த கூற்றுகள்

‘206 எலும்புகள்’ என்ற விடை வளர்ந்த மனிதருக்கு உரியது. பிறக்கும்போது எலும்புகளின் எண்ணிக்கை இதனினும் மிகுதி. வளர வளரப் பல எலும்புகள் ஒன்றோடொன்று இணைகின்றன. முதுகெலும்பின் அடியில் உள்ள திருவெலும்பு ஐந்து முள்ளெலும்புகள் இணைந்து உருவாவது. அவ்விணைப்பு பதின்பருவத்தின் பிற்பகுதியில்தான் நிறைவை நோக்கிச் செல்கிறது. இடுப்பெலும்பின் மூன்று பகுதிகளும் பதின்பருவத்திலேயே ஒன்றாகின்றன. ஆகவே ஆறாம் வகுப்பில் ‘நம் உடலில் 206 எலும்புகள் உள்ளன’ என்று ஆசிரியர் கூறும்போது, அவ்வறையில் அக்கூற்று பொருந்தும் உடல் அவருடையது மட்டுமே.

‘தாவரங்கள் பகலில் ஆக்சிஜனையும் இரவில் கார்பன் டை ஆக்சைடையும் வெளியிடும்’ என்பது மற்றொன்று. இதனைச் சொற்பொருளில் பிழையெனத் தள்ள இயலாது. ஆனால் இவ்வரியை மட்டும் கற்றவர், தாவரம் இரவில்தான் சுவாசிக்கிறது என்றே கொள்வார். தாவரம் இரவும் பகலும் சுவாசிக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கையின் அளவு மிகுவதால் சுவாசம் மறைந்து நிற்கிறது. சுருக்கம் இங்கே பிழையைத் தானே விளைவிக்கிறது. இரவில் மரத்தடியில் படுக்கலாகாது என்ற ஊர் வழக்குக்கு அறிவியல் முத்திரை இடப்படுவதும் இவ்வழியில்தான்.

‘நீரின் கொதிநிலை 100 டிகிரி செல்சியஸ்’ என்பதில் விடுபடுவது அழுத்தம். அம்பாசமுத்திரத்தில் ஏறத்தாழ இக்கூற்று செல்லும். அங்கிருந்து மணிமுத்தாறு வழியாகப் பேருந்தில் ஏறினால், கடல்மட்டத்திலிருந்து 1000 மீட்டருக்கு மேல் உள்ள மாஞ்சோலை மலைப்பகுதியில் நீர் 96, 97 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். சில மணி நேரப் பயணத்தில் ஒரு கூற்று தன் எல்லையைக் காட்டிவிடுகிறது. பாடநூலுக்கு வெளியே இவ்வளவு அருகில் ஆய்வுக்கூடம் அமைந்த பகுதிகள் மிகுதியாக இரா.

பள்ளத்தாக்கு என்னும் சான்று

‘தமிழகத்தின் வற்றாத நதி – தாமிரபரணி’. நெல்லைப் பகுதித் தேர்வர் எவரும் தவறவிடாத விடை இது. ஊர்ப்பெருமையும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஆனால் ‘வற்றாத’ என்ற அடைமொழி ஒரு நிகழ்வின் முடிவு. பொதிகை மலையின் நீர்ப்பிடிப்புப் பகுதி தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறுகிறது. மலையின் பசுமைமாறாக் காடுகள் அம்மழையை வாங்கி மெல்லக் கசியவிடுகின்றன. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள் அதனைத் தேக்கிப் பங்கிடுகின்றன. மழை, காடு, தேக்கம் ஆகிய இம்மூன்றில் ஒன்று தளர்ந்தாலும் அடைமொழி தளரும். கோடையில் கடைசி அணைக்கட்டாகிய ஸ்ரீவைகுண்டத்திற்குக் கீழே ஆற்றைக் காணும் குழந்தை, ‘வற்றாத நதியில் ஏன் தண்ணீர் இல்லை?’ என்று கேட்டால் அது முழுமையான அறியா வினா. கோட்டின் வலப்புறத்தில் உள்ள பெயரை மட்டும் கற்றவரிடம் அதற்கு விடையில்லை. குழந்தையை அமரச் சொல்வதே எஞ்சும்.

இப்பகுதியின் வேளாண் சொற்களே அவ்விடையை வைத்திருக்கின்றன. கார், பிசானம் என்னும் இரு நெற்பருவங்கள் இரு பருவமழைகளைத் தொடர்ந்து அமைந்தவை. ஜூனில் மலையில் சாரல் விழ, ஆற்றுநீர் கால்வாய்க்கு வந்து கார் தொடங்கும். அப்போது சமவெளியில் மழை இராது, வறண்ட காற்றே வீசும். மலைக்குக் கிழக்கே அமைந்த மழைமறைவுப் பகுதி என்பதன் முழு விளக்கம் இதில் அடங்கியுள்ளது: வானத்தில் மழையில்லை, வாய்க்காலில் நீருண்டு. கையேடுகளில் மிகுதியும் பயில்பவை குறுவை, சம்பா, தாளடி என்னும் காவிரிப் பாசனச் சொற்கள். சேரன்மகாதேவியில் வயலருகே வளர்ந்த தேர்வர் தம் வீட்டில் கேட்ட சொல்லை ஒதுக்கிவைத்து, காணாத வயலின் சொல்லைக் கற்கிறார்.

மழைமானி பற்றிய வரியும் இங்கே மீண்டும் நினைக்கத்தக்கது. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் தாமிரபரணிக் கரையும் தூத்துக்குடிக் கடற்கரையும் பெருவெள்ளத்தில் மூழ்கின. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 செ.மீ.க்கும் மேல் மழை பதிவாயிற்று. ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் நீர். எனவே 90 செ.மீ. மழை என்பது வீட்டு முற்றத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 900 லிட்டர். ஏரலிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் அந்நீரைக் கண்ட குழந்தைகள் இன்று நடுநிலை வகுப்புகளில் இருக்கின்றனர். ‘செ.மீ. என்றால் நீளம்தானே, மழையை எப்படி நீளத்தால் அளப்பது?’ என்பது அவர்களுக்கு எழக்கூடிய வினா. கருவியின் பெயரை அறிவது அதற்கு எவ்விதத்திலும் உதவாது.

கூந்தன்குளம் பொருத்துக வினாக்களில் ‘பறவைகள் சரணாலயம்’ என்ற சொல்லோடு சேர்ந்து நின்றுவிடுகிறது. வரித்தலை வாத்து இமயத்தைக் கடந்து இங்கு வருவதும், குளத்துக்கு மணிமுத்தாற்றுக் கால்வாய் நீர் வந்துசேர வேண்டியிருப்பதும் ஒரே உணவுச்சங்கிலிப் பாடத்தின் இரு முனைகள். நெல்லை அல்வாவையும் விட்டுவிடலாகாது. அதன் சுவைக்குத் தாமிரபரணி நீரே காரணம் என்பது ஊரார் அனைவரும் அறிந்த ‘விடை’. கோதுமைப்பால், நெய், சர்க்கரை, கிண்டும் நேரம் ஆகியவற்றை மாற்றாமல் நீரை மட்டும் மாற்றிப் பார்க்காதவரை அது கருதுகோளே. கட்டுப்படுத்தப்பட்ட சோதனை என்னும் கருத்தைக் கற்பிக்க இதனினும் இனிய எடுத்துக்காட்டு அரிது.

தேர்வரின் பக்கம்

மேற்கூறியவற்றால் தேர்வரைக் குறைகூறுவது நேர்மையாகாது. 2013க்குப் பின் தகுதித் தேர்வு 2017, 2019, 2022 என இடைவெளி விட்டே அறிவிக்கப்பட்டது. தனியார் பள்ளியில் பகல் முழுதும் பணியாற்றி, வீட்டுப் பொறுப்பையும் சுமந்து, இரவில் படிக்கும் ஒருவர் ஆறு முதல் பத்து வரையிலான பாடநூல்களைக் காரணகாரியத்தோடு மீண்டும் கற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எளிது. அதற்கான மாலைப்பொழுதை எவரும் அவருக்குத் தருவதில்லை. கையேடு அவருக்குத் தருவது நேரம். மனப்பாடமும் தன்னளவில் இழிவன்று. வாய்பாடு அறியாதவர் கணக்குக் கற்பிக்க இயலாது.

கொள்குறி வினா வடிவத்தின் மீதும் முழுப் பழியைச் சுமத்த முடியாது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2011இல் வகுத்த நெறிமுறைகள், வினாக்கள் கருத்துப் புரிதலையும் சிக்கல் தீர்க்கும் திறனையும் கற்பித்தல் அறிவையும் சோதிக்க வேண்டும் என்றே கூறுகின்றன. நான்கு விடைகளுக்குள்ளும் அது இயலும். ‘அம்பாசமுத்திரத்திலும் மாஞ்சோலையிலும் திறந்த பாத்திரத்தில் சோறு வேகும் நேரம் வேறுபடுவதற்குக் காரணம்: அ) மலைநீரில் தாதுக்கள் குறைவு ஆ) மலையில் காற்றழுத்தம் குறைவு இ) மலையில் ஆக்சிஜன் குறைவாதலால் தீ தணிவு ஈ) மலைக்காற்றில் ஈரப்பதம் மிகுதி’ என்ற வினாவையும் 72 வினாடியில் முடிக்கலாம். தவறான விடை ஒவ்வொன்றும் ஒரு குழந்தை உண்மையில் சொல்லக்கூடிய காரணமாக இருப்பதே இதன் பயன்; விடையை விலக்கும்போதே தேர்வர் கற்பித்தலையும் பழகிவிடுகிறார். வினாத்தாள் இத்திசையில் நகர்ந்தால் கையேடும் நகர்ந்தே ஆகவேண்டும். சந்தை வினாத்தாளைப் பின்தொடரும், பாடநூலை அன்று.

இதனிடையே 2025 செப்டம்பர் 1இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இக்கையேடுகளுக்குப் புதிய வாசகர் கூட்டத்தை உருவாக்கியுள்ளது. பணி ஓய்வுக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ள, ஏற்கெனவே பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்பது அத்தீர்ப்பு. கல்லிடைக்குறிச்சியிலோ ஆழ்வார்திருநகரியிலோ இருபது ஆண்டுகள் ஐந்தாம் வகுப்பெடுத்த ஒருவர், தம் முன்னாள் மாணவர் படிக்கும் அதே கையேட்டை இப்போது வாங்குகிறார். இருபது ஆண்டுகளாக அவர் கேட்டவை அறியா வினாக்கள்: ஆறு ஏன் சிவந்து வருகிறது, மலையில் பெய்யும் மழை இங்கு ஏன் பெய்யவில்லை, வாத்துக்கு வழி எப்படித் தெரியும். அவற்றுள் ஒன்றையேனும் எழுதிவைக்க, அவர் கையிலுள்ள நூலில் ஓரத்து வெற்றிடம் மட்டுமே உண்டு.