கண் கூசும் சொற்கள்: நிகண்டிலும் பாலகாட்டிலும்

தமிழில் ஒளியைக் குறிக்கும் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. எல், சுடர், கதிர், இலங்குதல், துலங்குதல், வயங்குதல், பிறங்குதல் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். 'எல்' என்ற சின்னஞ்சிறு சொல்லுக்குத் தொல்காப்பியர் இடையியலில் தனி நூற்பாவே ஒதுக்கியிருக்கிறார். ஆனால் கண்ணைத் திறக்கவிடாத ஒளிக்கு என்ன சொல்? இந்தக் கேள்வியோடு நம் சொற்றொகை மரபைப் பார்த்தால், அதன் பள்ளிகள் ஒவ்வொன்றும் எதை அளவுகோலாக வைத்திருந்தன என்பது தெரிந்துவிடும்.

முதலில் நிகண்டுப் பள்ளி. சேந்தன் திவாகரம், பிங்கலம், மண்டல புருடரின் சூடாமணி ஆகிய மூன்றும் அதன் தூண்கள். மனப்பாடம் செய்ய வசதியாகச் செய்யுளில் சொற்களைத் திரட்டித் தந்தவர்கள் இவற்றின் ஆசிரியர்கள். ஒரு பொருளுக்கு எத்தனை பெயர் என்பதே இவர்கள் கணக்கு. திவாகரத்தின் பன்னிரண்டு தொகுதிகளில் ஒலிக்கென்று ஒரு தொகுதி உண்டு. ஒளிக்கென்று தனித் தொகுதி கிடையாது.  கவிஞனுக்குப் பெயர்கள் போதும். அவன் பாடிய ஒளி தெய்வத்தின் ஒளி, அரசனின் முடியில் பதித்த மணியின் ஒளி. அது யார் கண்ணையும் வருத்துவதில்லை.

பின்பு அகராதிப் பள்ளி வந்தது. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732-இல் உருவானது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை வெளிவந்தது. கன்னடத்துக்குக் கிட்டல் 1894-இலும், தெலுங்குக்குப் பிரௌன் 1852-இலும் அகராதி தந்தார்கள். 1961-இல் பரோவும் எமனோவும் தங்கள் அகராதியில் திராவிட மொழிகளின் சொற்களைக் குடும்பம் குடும்பமாக அடுக்கினார்கள். நம் 'வெள்', கன்னடத்தின் 'பெளகு', தெலுங்கின் 'வெலுகு' எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை என்று அதில் காணலாம். பெரிய சாதனை. வேரைச் சொன்னார்கள், அந்த ஒளி எவ்வளவு சுடும் என்பது அவர்கள் கேள்வி அல்ல.

அதைச் சொல்வது மூன்றாவது பள்ளியான வாய்மொழி. அதைக் கேட்கக் கோலார் தங்கவயலைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. வயலின் வடபுறச் சுரங்கங்களில் ஒன்று பாலகாட். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழர்களோடு தெலுங்கு, கன்னடம், உருது பேசுவோரும் இந்த வயலில் குடியேறினார்கள். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கி.மீ. கம்பிவழி மின்சாரம் வந்தது. ஆனால் கீழே இருட்டு இருட்டுதான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் கீழே போனது. ஷிஃப்ட் முடித்து, மேலே ஏற்றிவரும் கூண்டான கேஜிலிருந்து வெளியே காலடி வைத்தவனுக்கு முதலில் வெயில் வலிக்கும். கையைப் புருவத்தில் வைத்து, இமையைப் பாதி மூடி, கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டு நிற்பான். தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேடுகள் மீது பட்டுத் திரும்பும் மத்தியான வெளிச்சமும் சும்மா விடாது.

அந்த நேரத்தில் தமிழன் வாயில் வருவது 'கண்ணு கூசுது'. புளி கடித்தால் பல் கூசும், விரல் பட்டால் விலா கூசும், நாலு பேர் முன்னால் நிற்க மனம் கூசும். அதே சொல்தான் இதற்கும். கன்னடத்தில் 'கண்ணு குக்குத்தே', அதாவது ஒளி கண்ணைக் கொத்துகிறது. தெலுங்கில் கண்ணை நிலைகுலைய வைப்பதற்கு 'மிருமிட்லு'. உருதுவில் கண் 'சௌந்தியா' போகும். ஆங்கிலத்தின் 'கிளேர்' கண் கூசும் வெளிச்சத்துக்கும் பெயர், முறைத்துப் பார்ப்பதற்கும் பெயர். நான்கு இந்திய மொழிகளிலும் பேச்சு ஒளியை விட்டுவிட்டுக் கண்ணின் பக்கம் போய் நிற்கிறது. நிகண்டு செய்யாத வேலை இது.

இரட்டைக்கிளவிகளும் இந்தப் பள்ளியின் சொத்துதான். அவற்றைப் பிரித்தால் பொருள் தராது என்று தொல்காப்பியரே வகுத்துவிட்டார். 'மினுமினு' சிற்றொளி. 'பளபள' என்றால் தேய்த்துத் துலக்கிய பரப்பு. 'தகதக' என்பதில் வெப்பமும் சேர்ந்திருக்கிறது. தீக்கும் தங்கத்துக்கும்தான் அது பொருந்தும். புதுப் பித்தளைச் செம்பைத் 'தகதக' என்று எழுதுகிறவர்கள் இன்று இருக்கிறார்கள். அது தவறான அளவு. செம்பு பளபளக்கும், உலைத் தீ தகதகக்கும். இந்த நுட்பம் கைவிட்டுப் போனால் மீட்பது கடினம்.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. கேஜில் இறங்கி ஏறியவர்களுக்கு வயதாகிவிட்டது. பாலகாட்டிலும் சுற்றியுள்ள தொழிலாளர் குடியிருப்பு லைன்களிலும் வாழும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து, மேலே வந்ததும் வெளிச்சத்தை என்னவென்று சொன்னார்கள் என்று கேளுங்கள். எந்த மொழியில் சொன்னாலும் அப்படியே, சொன்னவர் பேச்சிலேயே எழுதி வையுங்கள்.