இலேசு என்பதை எதைக்கொண்டு அளப்பது?

பழைய மடிக்கணினியை வீட்டிலேயே மைன்கிராஃப்ட் சர்வராக ஓடவிட நினைப்பவர்கள் முதலில் தேடுவது, இருப்பதிலேயே இலேசான லினக்ஸ் எது என்பதைத்தான். தேடல் நியாயமானது. 4 ஜிபி ராமில் பெரும்பங்கு விளையாட்டுக்கே போகவேண்டும். யாரும் பார்க்காத திரைக்கு டெஸ்க்டாப் எதற்கு? அதை விட்டுவிட்டால் ராம் மிஞ்சும். பின்னணியில் ஓடும் சேவைகள் குறையும். அவற்றோடு வெளியார் நுழையக்கூடிய வாசல்களும் குறையும். பரணுக்குப் போகவிருந்த கணினி இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

இந்த நல்ல வழக்கம் எல்லை மீறும்போதுதான் குறை தொடங்குகிறது. எடுத்துக்காட்டாக, ஆல்பைன் லினக்ஸ் சுமார் 130 எம்பி வட்டிலேயே அடங்கிவிடும். பெரும்பாலான லினக்ஸ்களில் உள்ள ஜிலிப்சி நூலகத்துக்குப் பதிலாக மசல் என்ற சிறிய நூலகத்தை அது வைத்திருக்கிறது. வால்வ் நிறுவனத்தின் பதிவிறக்கக் கருவியான ஸ்டீம்சிஎம்டியோ 32-பிட் ஜிலிப்சியை நம்பி நிற்பது. ஆகவே அதன்வழி இறக்கும் வால்ஹைம் போன்ற விளையாட்டுகளின் சர்வர்களை ஆல்பைனில் நேரடியாக ஓட்ட முடியாது. மைன்கிராஃப்டின் ஜாவா சர்வர் ஓடும். ஆனால் லினக்ஸில் உபுண்டுவுக்கென்று வெளியாகும் அதன் இன்னொரு பதிப்பான பெட்ராக் சர்வர் மல்லுக்கு நிற்கும்.

இத்தனை சிரமத்துக்கும் கிடைக்கும் ஆதாயம் என்ன? டெஸ்க்டாப் இல்லாத டெபியன் லினக்ஸோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 100 எம்பி ராம். ஆனால் ஆட்டத்தின் ஓட்டம் அந்த ராமைப் பொறுத்ததல்ல. மைன்கிராஃப்ட் சர்வர் நொடிக்கு 20 முறை தன் உலகைப் புதுப்பிக்கிறது. ஒவ்வொரு முறைக்கும் 50 மில்லிநொடிதான் அவகாசம். அந்த வேலையின் பெரும்பகுதி ஒரே இழையில் நடப்பதால், பிராசஸரின் ஒற்றைக் கோர் வேகமே ஆட்டம் திணறுமா என்பதைத் தீர்மானிக்கிறது. பார்வைத் தூரத்தை 10-லிருந்து 6-ஆகக் குறைத்தால், ஓர் ஆட்டக்காரரைச் சுற்றி ஏற்றவேண்டிய நிலத்துண்டுகள், சதுரமாகக் கணக்கிட்டால், 441-லிருந்து 169-ஆக இறங்கும். அமைப்புக் கோப்பில் ஓர் எண்ணை மாற்றினால் கிடைக்கும் இந்தப் பலனை லினக்ஸை மாற்றிப் பெற முடியாது.

பராமரிப்பையும் எடைபோட வேண்டும். ஆல்பைனின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் சுமார் 2 ஆண்டு ஆதரவு; டெபியனுக்கு நீண்டகால ஆதரவையும் சேர்த்து 5 ஆண்டு. வீட்டு சர்வருக்கென்று தனி நிர்வாகி கிடையாது. வேலை முடித்து வந்து களைப்போடு உட்காருபவரே எல்லாம்.

ஆகவே என் தேர்வு டெஸ்க்டாப் இல்லாத டெபியன். ஜாவா சர்வர் ஒன்றே போதும், கற்றுக்கொள்ள ஆர்வமும் உண்டு என்பவருக்கு ஆல்பைன் அருமையானது. மற்றவர்கள் முதலில் விளையாட்டைத் தேர்ந்தெடுக்கட்டும். அதற்கு என்ன தேவையோ அதைத் தரும் லினக்ஸ்களில் இலேசானதை எடுக்கட்டும். நண்பர்கள் கூடும் சனிக்கிழமை இரவில் பழுது பார்க்க உட்காராமல் நம்மையும் ஆடவிடும் லினக்ஸே உண்மையில் இலேசானது.